குங்ஃபூ எங்கட சாமான்

கிழமைக்கு இரண்டு நாள் எதையாவது பழகப் போகிற மனிதன், பழகி முடிக்கிறானோ இல்லையோ, மூன்றாம் மாதத்திலிருந்து அதைப் பற்றிப் பிரசங்கம் பண்ணத் தொடங்கிவிடுவான். யோகா வகுப்புக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் பாண் சுடப் பழகினவர்களைக் கேட்கவே தேவையில்லை, அவர்களே வந்து சொல்லுவார்கள். நான் பழகப் போனது குங்ஃபூ. ஆகவே என் பிரசங்கம் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் சத்தமாக இருந்தது.

அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. மொன்றியலின் லாசால் பகுதியில் இரண்டாம் மாடியில் வீடு, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, சேட்டின் நாலாவது பொத்தானைச் சோதிக்கும் வயிறு. கொலஸ்ட்ரோலைப் பார்த்த டொக்டர், "தினமும் நடக்கவேண்டும்" என்றார். நடப்பது எனக்கு அலுப்பு. போன பாதையாலேயே திரும்பி வரவேண்டியிருக்கிறது.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை பாலத்துக்கு அந்தப் பக்கமிருக்கும் புரோசார்டுக்கு அரிசி வாங்கப் போனோம். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால், கடைத்தொகுதியின் மேல்மாடியிலிருந்து மேளச் சத்தம். சும்மா சத்தமில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விட்டு உலுப்புகிற சத்தம். மாலினி (என் மனைவி) காருக்குள் இருந்து ஹோர்ன் அடித்தாள். என் கால்கள் ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தன.

மேலே ஒரு பெரிய கூடம். இருபது முப்பது பேர் ஒரே மூச்சில் குத்துகிறார்கள், ஒரே மூச்சில் திரும்புகிறார்கள். ஸ்தெஃபான் என்ற நெடுவல் பிரெஞ்சுக்காரன் மேளத்தை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். நடுவில் நின்ற பெண் என்னையும் என் தோளிலிருந்த அரிசி மூட்டையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னார்:

"நல்லது. பாரத்தோடேயே வந்துவிட்டீர்கள். அப்படியே முழங்காலை மடியுங்கள்."

அவர்தான் சிஃபு. அதாவது ஆசிரியை. சின்ன வயதில் ஹொங்கொங்கிலிருந்து வந்து மொன்றியலில் வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார். அன்று நான் அரிசியோடு முழங்காலை மடித்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அரிசியில்லாமல் மடித்தேன். குதிரை நிலை என்று அதற்குப் பெயர். இல்லாத குதிரையில் ஏறி, இல்லாத அவசரத்துக்கு எங்கேயோ போவதுபோல், கால்களை அகட்டிக்கொண்டு நிற்பது. மற்றவர்கள் கம்பு சுற்றினார்கள், சிங்க ஆட்டம் ஆடினார்கள். நான் குதிரை ஓட்டினேன். ஆனாலும் சொல்லவேண்டும், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக ஓரிடத்திலும் நான் வியர்த்ததில்லை.

வில்லங்கம் வந்தது மாமாவால்.

மாமா என்றால் மாலினியின் அப்பா. ஊரில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்காபரோவில் மகனோடு இருக்கிறார். சுத்த சைவம். முட்டை போட்ட கேக் இருந்த தட்டில் வைத்த வாழைப்பழத்தையும் தொடமாட்டார். அவருக்கு இரண்டு மருமக்கள். மற்றவர் எஞ்சினியர். என்னைப் பற்றி யாராவது விசாரித்தால், "மாலினியின்ர ஆள் கண்ணாடி விக்கிறார்" என்று சொல்லிவிட்டு உடனே வானிலை பற்றிக் கதைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுக்கும்போது என்னிடம் கேட்பது ஒரேயொரு கேள்வி: "மாலினி நிக்கிறாவோ?"

ஒரு ஞாயிறு நான் வாய் தவறி, "இல்லை மாமா, நானும் வெளிக்கிடுறன், குங்ஃபூ வகுப்புக்கு" என்றேன்.

 மற்றப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் வேறு மனிதருடைய குரல்போல வந்தது.

"குங்ஃபூவோ? தம்பி, அது எங்கட சாமானெல்லோ! காஞ்சிபுரத்தில இருந்து ஒரு துறவி சீனாவுக்குப் போய்த்தானே அதைப் பழக்கினவர். எங்கட சாமானை அவங்கள் வைச்சிருக்கிறாங்கள். நீர் போய்ப் பழகும்! விடாதையும்!"

கலியாணம் கட்டி ஏழு வருடத்தில் மாமா என்னோடு கதைத்த ஆக நீண்ட கதை அதுதான். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அவர் மாலினியைக் கேட்கவில்லை, "தம்பி, எந்தளவில நிக்குது?" என்றார். குதிரையில் நிற்கிறது என்று சொல்ல மனம் வருமா? கம்பு தொடங்கிவிட்டேன் என்றேன். அதற்கு அடுத்த ஞாயிறு கம்பை இரண்டாக்கினேன். பனி உருகும் காலம் வருவதற்குள், தொலைபேசியில் நான் பள்ளியின் முக்கியமான வீரர்களில் ஒருவனாகிவிட்டேன்.

"அப்பா ஒருநாள் வந்து பாக்கப்போறார்" என்றாள் மாலினி.

"வரட்டும்" என்றேன். ஸ்காபரோ ஐந்தாறு மணித்தியால ஓட்டம், பார்ப்போம் என்ற தைரியம்.

அந்த வருடம் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பெரிய ஏற்பாடு. சிஃபுவின் ஆசிரியர், நாங்கள் 'பெரிய சிஃபு' என்று சொல்லும் முதியவர், ஹொங்கொங்கிலிருந்து வருகிறார். அயலவர்கள், பெற்றோர்கள் எல்லோருக்கும் அழைப்பு. 'எங்கள் பள்ளியின் பாரம்பரியமும் நோக்கங்களும்' என்று பிரெஞ்சில் ஒரு சின்ன உரை வேண்டும், யார் செய்யப் போகிறீர்கள் என்று சிஃபு கேட்டார். கேட்டு முடிய முன்னமே என் கை மேலே நின்றது. குங்ஃபூவில் நான் காட்டிய ஒரேயொரு வேகமான அசைவு அது.

சிஃபு உரையை அழகாக எழுதித் தந்தார். தென்சீனத்து ஆறு ஒன்றில் படகு வலித்த ஒருவர்தான் எங்கள் முறையைத் தொடங்கியவராம். ஆடுகிற படகில் விழாமல் நின்று கொள்ளைக்காரரைச் சமாளிக்கப் பழகியவர். அதனால்தான் எங்கள் முறையில் எல்லாவற்றுக்கும் முன்னால் கால் நிலை. அவருடைய மகள், மகளின் மாணவர், அந்த மாணவரின் மாணவர் என்று நாலு பேருடைய படங்கள் கூடத்தின் முன்சுவரில் தொங்கின. அவர்களுக்குப் பிறகு பெரிய சிஃபு, அவருக்குப் பிறகு எங்கள் சிஃபு. வாசிக்க வாசிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வரிசையின் கடைசி வாலில் மூக்குக்கண்ணாடி விற்கிற நானும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்!

மாமா வெள்ளிக்கிழமையே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். கோப்பி குடித்தபடி உரையை வரிவரியாக மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். முடிந்ததும் கோப்பையை வைத்தார்.

"எங்க எங்கட ஆள்?"

"ஆர் மாமா?"

"காஞ்சிபுரத்துத் துறவி!"

மாலினி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, அவர் போனது வேற பள்ளிக்கூடம். இது படகுக்காரரின்ர பள்ளிக்கூடம்."

"எல்லாத்துக்கும் ஊற்று ஒண்டுதான் பிள்ளை. தம்பி, நீர் ஒரு வசனம் சேரும். ஒரே ஒரு வசனம். ஒரு சபையில தமிழன் எழும்பி நிண்டு சொல்லாட்டி வேற ஆர் சொல்லுறது?"

"வேண்டாம் சொல்லிப்போட்டன்" என்றாள் மாலினி என்னைப் பார்த்து. நான் மாமாவைப் பார்த்தேன். ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவருடைய கண்களில் எனக்கு எஞ்சினியருக்குச் சமமான ஒரு இடம் தெரிந்தது. வசனத்தைச் சேர்த்தேன்.

சனி மத்தியானம் கூடம் நிரம்பி வழிந்தது. சிவப்பு விளக்குகள், ஊதுபத்திப் புகை, வாசலில் மேளம். மாமா வேட்டி சால்வையோடு வந்தார். சுவரில் நாலு படங்கள், முன்னால் மேசை, ஊதுபத்தி, தோடம்பழம், பூ. எல்லாவற்றையும் பார்த்தவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"தம்பி, இது குருபூசையெல்லோ! நான் சொல்லேல்லையோ, எல்லாம் எங்கட சாமான்!"

அப்போதுதான் மேசையின் மற்ற அந்தத்தைக் கண்டார். அங்கே ஒரு பெரிய அலுமினியத் தட்டில், முழுசாக, பொன்னிறமாக வாட்டிய பன்றி ஒன்று படுத்திருந்தது. கண்கள் இருந்த இடத்தில் செர்ரிப்பழம் வைத்திருந்தார்கள்.

"அது... அது ஆரின்ர சாமான்?" என்றார் மாமா.

"படையல் மாமா. முன்னோருக்குப் படைச்சுப்போட்டுப் பேந்து எல்லாரும் சாப்பிடுறது."

மாமா பின்வரிசைக்கு நகரப் பார்த்தார். விட்டால்தானே! மாணவனின் பெரியவர் வந்திருக்கிறார் என்று அறிந்த சிஃபு ஓடிவந்து, இரண்டு கையாலும் அவரை அழைத்துப்போய், முன்வரிசையில், பெரிய சிஃபுவுக்குப் பக்கத்தில், மரியாதைக்குரிய இடத்தில் இருத்தினார். அந்த மரியாதைக்குரிய இடம் பன்றிக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. மாமா மூச்சை வாயால் விட்டபடி, முகத்தைப் பெரிய சிஃபுவின் பக்கமாகவே திருப்பி வைத்துக்கொண்டார். பெரிய சிஃபுவோ இவர் தன்மீது தனி அன்பு காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார்.

நான் ஒலிவாங்கிக்கு முன்னால் போனேன். படகுக்காரர் கதை அருமையாகப் போனது. சனம் அசையாமல் கேட்டது. என் பிரெஞ்சு எனக்கே பிடித்துப்போனது. அந்த உற்சாகத்தில் தாளைக் கீழே இறக்கினேன்.

"ஆனால் நண்பர்களே, கதை அங்கே தொடங்கவில்லை!"

சிஃபு நிமிர்ந்து பார்த்தார். நான் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டேன். குங்ஃபூ தமிழர்களுடைய கலை என்றேன். சீனர்கள் அதை எங்களிடமிருந்து 'பெற்றார்கள்' என்றுதான் சொல்ல நினைத்தேன். அவசரத்துக்கு வாயில் கிடைத்த பிரெஞ்சு வினைச்சொல்லைப் போட்டேன். அதற்கு அர்த்தம் 'களவெடுத்தார்கள்' என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், மேளத்தடியில் நின்ற ஸ்தெஃபானின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது என்பதுதான்.

கூடம் முழுவதிலும் மாமா மட்டும் பலமாகக் கைதட்டினார்.

பெரிய சிஃபுவுக்குப் பிரெஞ்சு தெரியாது. என்ன சொல்கிறான் என்று சிஃபுவிடம் கேட்டார். சிஃபு ஒரு கணம் கண்ணை மூடித் திறந்துவிட்டு, என்னைக் காப்பாற்றவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு, மொழிபெயர்ப்பில் ஒரு சின்ன வேலை செய்தார். (பல மாதம் கழித்துத்தான் இதை எனக்குச் சொன்னார்.) "இவருடைய மக்களிடமும் மிகப் பழைய கம்புக்கலை ஒன்று இருக்கிறதாம். அதைத் தங்கள் முன்னால் மரியாதையாகச் செய்துகாட்ட விரும்புகிறாராம்."

கருணைதான். ஆனால் அந்தக் கருணை இல்லாமல் இருந்திருந்தால் என்னைத் திட்டி இறக்கியிருப்பார்கள், அவ்வளவோடு போயிருக்கும்.

பெரிய சிஃபுவின் முகம் குழந்தையின் முகமாகியது. துள்ளி எழும்பி, தான் ஹொங்கொங்கிலிருந்து கொண்டுவந்த தன்னுடைய சொந்தக் கம்பை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். ஏதோ படபடவென்று சொன்னார். சிஃபு என்னைப் பார்க்காமலே பிரெஞ்சில் சொன்னார்: "இதைப் பார்க்க வாழ்நாள் முழுக்க ஆசையாம். செய்து காட்டட்டாம்."

"எனக்கு..." என்று தொடங்கினேன்.

"சிலம்பம்!" என்று முன்வரிசையிலிருந்து மாமா கத்தினார். "காட்டும் தம்பி! எங்கட ஆக்கள் ஆரெண்டு காட்டும்!"

சிலம்பத்துக்கும் எனக்கும் இருந்த தொடர்பு, எட்டு வயதில் ஒரு கோயில் திருவிழாவில் கடலை கொறித்தபடி தூரத்திலிருந்து பார்த்தது. பின்வரிசையில் மாலினி இரண்டு கையையும் குறுக்கே ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று காட்டிக்கொண்டிருந்தாள். நான் கம்பை வாங்கினேன்.

முதலில் குதிரை நிலை. அதுதான் எனக்குத் தெரியுமே! ஆடாமல் நின்றேன். கம்பை இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று. விழவில்லை! யாரோ கைதட்டினார்கள். ஸ்தெஃபானுக்கு உற்சாகம் பிறந்து மேளத்தில் ஒரு தட்டுத் தட்டினான். நான் வேகத்தைக் கூட்டினேன். அவனும் கூட்டினான். சனம் சேர்ந்து தாளம் போட்டது. கம்பு விர்விர்ரென்று காற்றைக் கிழித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் நான் நம்பிவிட்டேன். இது எங்கட சாமான்தான், இரத்தத்திலேயே இருக்கிறது, இத்தனை வருடம் கண்ணாடிக் கடையில் தூங்கிக் கிடந்திருக்கிறது! மாமா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அப்பிடிப் போடு!"

அப்பிடிப் போட்டேன். கம்பைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றினேன்.

மேலே சிவப்பு விளக்குகள் கட்டிய கயிறு இருந்ததை நான் மறந்துவிட்டேன். கம்பின் நுனி அதில் கொழுவியது, கயிறு இழுபட்டது, வியர்த்த கை வழுக்கியது. கம்பு என்னை விட்டுப் பிரிந்து, கரம்போர்டில் காயைச் சுண்டுவதுபோல், அலுமினியத் தட்டின் விளிம்பை டங்கென்று அடித்தது. தட்டு நிமிர்ந்தது. பன்றி புறப்பட்டது.

மாமா என்ன நினைத்தார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. ஏதோ ஒன்று விழப்போகிறது, மனிதன் கையை நீட்டுகிறான். கால்களை அகட்டி, முழங்காலை மடித்து, இரண்டு கையையும் முன்னே நீட்டி, பத்துப் பன்னிரண்டு கிலோப் பன்றியைப் பிறந்த பிள்ளையை ஏந்துவதுபோல் நெஞ்சோடு சேர்த்து ஏந்திவிட்டார்.

மேளம் நின்றது. மாமா குனிந்தார். மாமாவும் பன்றியும் முகத்துக்கு முகம். பன்றியின் ஒரு கண் கழன்று மாமாவின் சால்வையால் உருண்டு கீழே போனது.

"முருகா" என்றார் மாமா, மிக மெல்ல. பிறகு பெரிதாக, "ஆராவது வந்து இதை வாங்குங்கோ!"

நான் பாய்ந்தேன். அதற்குள் பெரிய சிஃபு கையை உயர்த்தி எல்லோரையும் மறித்துவிட்டார். மாமாவைச் சுற்றி மெல்ல நடந்தார். முழங்காலைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். பிறகு பெருமூச்சோடு ஏதோ சொன்னார்.

"இந்தப் பள்ளியில் இன்று அவர் பார்த்த ஆகச் சரியான குதிரை நிலை இதுதானாம்" என்று சிஃபு மொழிபெயர்த்தார். பெரிய சிஃபு மாமாவின் கையில் விரலால் தட்டினார். "முழங்கை மட்டும் கொஞ்சம் உள்ளுக்காம்."

"என்னவாம்?" என்றார் மாமா கண்ணை மூடியபடி.

"முழங்கை உள்ளுக்காம் மாமா."

மாமா முழங்கையை உள்ளே எடுத்தார். எண்ணெய் சால்வையால் வழிந்தது. பெரிய சிஃபு கைதட்டினார். பிறகு கூடமே எழும்பிக் கைதட்டியது. அதன் பிறகுதான் ஸ்தெஃபான் வந்து மாமாவை விடுவித்தான்.

நான் ஒளிய இடம் தேடினேன். சிஃபு என் கையில் தாளைத் திரும்பத் தந்தார். "பாரம்பரியம் முடிந்தது. நோக்கங்கள் இன்னும் இருக்கின்றன."

"சிஃபு, தயவுசெய்து..."

"வாசியுங்கள்."

வாசித்தேன். எங்கள் பள்ளியின் முதல் நோக்கம், உடலைத் தன் கட்டுக்குள் வைத்திருக்கப் பழகுவது. ஒரு மூலையில் யாரோ கெக்கட்டமிட்டார்கள். இரண்டாவது நோக்கம், மனத்தையும் நாவையும் அடக்குவது. இப்போது பாதிக் கூடம் சிரித்தது. மூன்றாவது, தெரியாத ஆயுதத்தைக் கையில் எடுக்காமலிருப்பது. ஸ்தெஃபான் மேளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நாலாவது, முதியவர்களுக்கு எந்தத் துன்பமும் நேராமல் காப்பது. அதற்கு மேல் எனக்கு வாசிக்கத் தேவையிருக்கவில்லை, வாசித்தாலும் ஒருவருக்கும் கேட்டிராது. சிஃபுவே சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் மாமா குளியலறையில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, என்னுடைய பயிற்சிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். இனி என்னோடு கதைக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். பெரிய சிஃபு அவரிடம் ஒரு ஊதுபத்தியைக் கொடுத்துப் படங்களைக் காட்டினார். மாமா நாலு படங்களுக்கும் முன்னால் நின்றார். படகுக்காரரை நெடுநேரம் பார்த்தார்.

"இவர் எத்தினை வருசம் பழக்கினவராம்?" என்று கேட்டார். சிஃபு விசாரித்துச் சொன்னார்: சாகும்வரை. அவருடைய மகளும் அப்படித்தான். பெரிய சிஃபுவும் சிறுவயதிலிருந்து ஒருநாளும் விட்டதில்லை.

மாமா ஊதுபத்தியை ஏற்றி வைத்தார். காரில் வரும்போது, பாலத்தில் நெரிசலில் நின்ற நேரம், பின்சீட்டிலிருந்து அவர் குரல் வந்தது.

"தம்பி, துறவி காஞ்சிபுரம்தான். அதில மாற்றமில்லை. ஆனால் இவையளெல்லோ மினக்கெட்டு வைச்சிருக்கினம்." பாலத்தைத் தாண்டியதும், "நீரும் கொஞ்சம் மினக்கெடும்" என்றார்.

மினக்கெட்டேன். சிஃபு என்னை வெளியே போடவில்லை, திரும்பவும் குதிரையில் ஏற்றினார். கம்பு கைக்கு வர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. மாமா ஸ்காபரோவில் பூங்காவொன்றில் காலையில் கூடும் சீன முதியவர்களோடு சேர்ந்து பழகத் தொடங்கி, இப்போது கடைசி வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டார். ஆண்டு விழா அழைப்பு அவருக்குத் தனியாகப் போகிறது. எனக்குக் கதிரை அடுக்க வரச்சொல்லிச் செய்தி வருகிறது.

அந்த விழாவுக்குப் பிறகு பிறந்த எங்கள் மகளுக்குப் போன மாதம் பிறந்தநாள். வீடு நிறையச் சனம், எஞ்சினியர் குடும்பமும் வந்திருந்தது. கேக் வெட்ட முன்னம் நாலு வார்த்தை பேசலாம் என்று நான் எழும்பித் தொண்டையைச் செருமினேன். சோபாவிலிருந்த மாமா மெல்ல எழும்பினார். கால்களை அகட்டினார், முழங்காலை மடித்தார், முழங்கை உள்ளுக்கு, இரண்டு கையையும் முன்னே நீட்டினார். மாலினி கேக்கைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

நான் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டேன்.